இருபது கிலோ வித்தியாசம்

நாற்பத்தொரு நாளாக என் காரின் பிரேக் எடையைக் குறைத்துக்கொண்டிருந்தேன்.

நானும் சித்தப்பா மகன் ஜெனோவும் பாளையங்கோட்டையில் ஆளுக்கொரு ஸ்போர்ட்ஸ் கார் கட்டினோம். ஒரே வரைபடம், ஒரே இன்ஜின். பிரேக்கை மட்டும் தனித்தனியாக வாங்கினோம். எடைமேடையில் கொடுத்த சீட்டை ஜெனோ என் அப்பாவிடம் காட்டினான். அவன் வண்டி என் வண்டியைவிட இருபது கிலோ குறைவு.

“ஏட்டி, நீ பி.எஸ்ஸி. படிச்சவ. அவன் உன்னைத் தூக்கிச் சாப்பிட்டுட்டாம்லா!” என்றார் அப்பா.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவனிடம் கேட்கவும் மனம் வரவில்லை. வித்தியாசம் பிரேக்கில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பிரேக் டிஸ்க்கில் துளை போட்டேன். பிறகு பைக்கின் சின்ன டிஸ்க்கையே மாட்டினேன். பதினேழு கிலோ குறைந்தது; மீதி மூன்று கிலோ மட்டும் போகவில்லை.

இன்று காலை அப்பா பார்க்க, சீவலப்பேரித் தோட்டத்துப் பாதையில் ஓட்டிக் காட்டினேன். மிதித்த பிரேக் பிடிக்கவில்லை. நான்கு வாழையைச் சாய்த்த பிறகுதான் வண்டி நின்றது.

இழுத்து வெளியே எடுக்க ஜெனோ வந்தான். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“ஏலே, இருபது கிலோவை எப்படிலே குறைச்ச?”

அவன், என் அப்பா நிற்கும் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“பெரியப்பாட்ட சொல்லிராத எக்கா. எடை போட்ட அன்னைக்கு என் வண்டியில பிரேக்கே மாட்டல.”