தாழ்ந்த மூலை

மண் உள்ளே அடங்கவில்லை.

பொக்லைன் அள்ளிப் போட்டதையெல்லாம் திரும்பத் தள்ளியாயிற்று. அப்படியும் முழங்காலுக்கு மேல் மேடாக நிற்கிறது.

அப்படித்தான் நிற்கும். தரைக்குள் மண் இறுகிக் கிடக்கிறது. வெட்டி எடுத்ததும் கட்டிகளுக்கு நடுவே காற்று புகுந்துகொள்கிறது. அதே பள்ளத்தில் அதே மண்ணைப் போட்டாலும் மிச்சம் வரும். ஒரு மழைக்காலம் போனால்தான் அமுங்கும்.

ஆபீஸர் அம்மாவின் ஸ்கூட்டர் ஊருக்குப் பிரியும் விலக்கைத் தாண்டிவிட்டதாகப் போன் வந்தது.

"மிதிங்க," என்றாள் புருஷனிடம்.

காளிராஜ் மிதித்தான்.

பண்ணைக்குட்டை வெட்ட மானியம் உண்டு என்பது அவளுக்குத் தெரியும். எந்த ஆபீஸில் என்பதுதான் தெரியாமல் இருந்தது. விதைக்கும் உரத்துக்கும் வேளாண்மைத் துறை. சொட்டுநீருக்குத் தோட்டக்கலை. குட்டைக்கு வேளாண் பொறியியல். அது வேறு ஊரில் இருந்தது. பஸ் மாறி மாறிப் போய்க் கண்டுபிடித்தாள்.

அங்கே விதியைச் சொன்னார்கள். வெட்டாத நிலத்தை ஆபீஸர் முதலில் வந்து படம் எடுப்பார். படத்திலேயே இடம் பதிந்துவிடும். உத்தரவு வந்த பிறகு அதே இடத்தில்தான் வெட்ட வேண்டும். முன்னாலேயே வெட்டியிருந்தால் மானியம் கிடையாது.

வீட்டுக்கு வந்து சொன்னாள். கேட்டுக்கொண்டான்.

ஆனால் நாளைக்கு ஆடி பிறக்கிறது. ஆடியில் புதுவேலை ஆரம்பிக்க மாட்டார்கள். ஆனியிலேயே கொஞ்சம் மண் எடுத்துவிட்டால் அது ஆரம்பித்த வேலையாகிவிடும். விடிந்ததும் பொக்லைனைக் கூட்டி வந்துவிட்டான்.

"ஒரு அள்ளுதான் அள்ளச் சொன்னேன்," என்றான் இப்போது. "ஒரு மணி நேரத்துக்குக் குறைஞ்சு வாடகை கிடையாதுன்னான். சும்மாவா நிப்பாட்டுறது?"

டிரைவர் வண்டியில் இருந்தபடியே சிரித்தான். "தோண்டுனதுக்கு ஒரு வாடகை, மூடுனதுக்கு ஒரு வாடகை. மறுபடி தோண்டணும்னாலும் கூப்பிடுங்கக்கா."

அவனை ஓடைப்பக்கம் விரட்டினாள்.

வண்டிச் சத்தம் அடங்குமுன் ஸ்கூட்டர் வந்துவிட்டது.

ஆபீஸர் ஹெல்மெட்டைக் கழற்றினார். சின்ன வயது. மேட்டைப் பார்த்தார்.

"அது என்ன?"

"கம்மாக் கரம்பை, மேடம். நிலத்துக்கு அடிச்சிருக்கோம்," என்றான் காளிராஜ்.

இந்த மாதத்தில் எல்லோரும் கண்மாய் மண்ணைக் கொண்டுவந்து நிலத்தில் குவிப்பதுதான். ஆபீஸர் தலையாட்டினார்.

"குட்டை எங்க வருது?"

அவள் வாய் திறப்பதற்குள் அவன் மேல்மூலையைக் காட்டிவிட்டான். கைபடாத தரை.

"அங்க."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் பார்க்கவில்லை.

நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஐப்பசி மழையில் வந்து நின்றால் தெரியும். தண்ணீர் முதலில் உழவுச் சாலில் நிற்கும். பிறகு சாலுக்குச் சால் தாண்டும். பிறகு ஒன்றாகச் சேர்ந்து, இப்போது மேடு நிற்கும் இந்தக் கிழக்கு மூலைக்கு வந்து, வரப்பை உடைத்துக்கொண்டு ஓடையில் விழும்.

மேல்மூலைக்கு ஒரு சொட்டும் ஏறாது.

அங்கே வெட்டினால் மானியம் வரும். தண்ணீர் வராது.

மானியம் இல்லாமல் எங்கேயும் வெட்ட முடியாது.

போன மார்கழியில் ஒரே ஒரு தண்ணீர் பாய்ச்ச வழியில்லாமல் மிளகாய் பூவோடு காய்ந்தது.

"பட்டா யார் பேர்ல இருக்கு?"

"என் பேர்ல," என்றாள்.

"அப்ப நீங்க போய்க் குட்டை வர்ற இடத்துல நில்லுங்கம்மா. ஆள் நின்னாத்தான் படம் செல்லும்."

ஆபீஸர் மேல்மூலையை நோக்கிப் போனைத் தூக்கினார்.

"போ," என்றான் காளிராஜ், மெதுவாக.

அவள் நடந்தாள்.

கால் புதைந்தது. கட்டிகள் உருண்டன. விழாமல் இருக்கக் கையை ஊன்றி ஏறினாள்.

மேட்டின் மேல் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ஆபீஸர் பக்கம் திரும்பி நின்றாள்.

போன் இன்னும் மேல்மூலையைப் பார்த்தபடியே இருந்தது.

பிறகு மெல்லத் திரும்பியது.