மூன்று சென்டிமீட்டர்

"கூட வந்தவங்களையும் உள்ளே வரச் சொல்லுங்க," என்றார் டாக்டர்.

"யாரும் வரலை," என்றார் பெரியவர்.

அறையில் இருந்தது மூன்றே பேர்: டாக்டர், நர்ஸ், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டரான பெரியவர். நாற்காலியில் சாயாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"கல்லு மூணு சென்டிமீட்டர். இன்னும் தள்ளிப்போட்டா கிட்னியே போயிடும். ரெண்டு வழி இருக்கு. முதுகுல சின்னதா ஒரு துளை போட்டு, கல்லை உடைச்சு எடுக்கலாம். பெரும்பாலும் ஒரே தடவையில முடிஞ்சிடும். ஆனா கொஞ்சம் ரத்தம் போகும், நாலு நாள் இங்க படுக்கணும். இன்னொண்ணு, சிறுநீர் போற பாதையிலேயே டியூப் விட்டு லேசர்ல பொடியாக்கறது. துளை கிடையாது. மறுநாளே வீட்டுக்குப் போகலாம். ஆனா இவ்வளவு பெரிய கல்லுக்கு ரெண்டு மூணு தடவை செய்ய வேண்டி வரும்."

"லேசரே செய்ங்க."

"முதுகு வழிதான் நல்லதுன்னு எனக்குப் படுது."

"நாலு நாள் கூட யார் இருப்பா?"

"ஏன் ஐயா, பிள்ளைங்க இல்லையா?" என்றாள் நர்ஸ்.

"ஒருத்தன். நான் பார்த்த பொண்ணை வேண்டாம்னு சொல்லிட்டுப் போனான். பதினோரு வருஷமா வாசப்படி மிதிக்கலை."

"நீங்க ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே?"

"நான் எதுக்கும்மா கூப்பிடணும்? குடும்ப மானத்தைக் கப்பலேத்தினவன் அவன்."

"அப்ப வீட்ல பேச்சுத்துணைக்கு?"

"ரேடியோ இருக்கு. எதிர்த்துப் பேசாது."

நர்ஸ் சிரித்தாள். டாக்டர் ஸ்கேன் படத்தை உறைக்குள் போட்டார். மூன்றாவது முயற்சியில்தான் அது உள்ளே போனது.

பெரியவர் எழுந்தார். "சரி, முதுகு வழியாவே செய்ங்க. ஆனா நீங்களே செய்யணும், டாக்டர். வேற யார் கையும் படக்கூடாது."

"நானே செய்யறேன்."

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள். பார்வையாளர் நேரம். பக்கத்துக் கட்டில்களைச் சுற்றி ஒரே பேச்சும் சிரிப்புமாக இருந்தது. பெரியவரின் கட்டிலருகே ஸ்டூல் காலியாகக் கிடந்தது. வெகுநேரம் கழித்து வெளியூரிலிருந்து தங்கை வந்து அதில் உட்கார்ந்தாள்.

"என்னண்ணே இது? ஆபரேஷன்னு தெரிஞ்சும் பெத்த புள்ள எட்டிக்கூடப் பார்க்கலைன்னு சொந்தக்காரங்கல்லாம் பேசறாங்க!"

"யார் சொன்னது?" வலியைப் பொருட்படுத்தாமல் பெரியவர் நிமிர்ந்தார். "கல்லை எடுத்ததே அவன்தான்."