ஜும்மா நேரப் பற்றரி

கப்பல்துறையில் ஒரு ஸ்டோரைக் காலியாக்க வேண்டுமென்றால், வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை நேரத்தை விடத் தோதான நேரம் கிடையாது. வேலை செய்கிற பெடியன்களில் முக்கால்வாசிப் பேர் கிண்ணியாக்காரர். அவர்கள் பள்ளிவாசலுக்கும் மற்றவர்கள் சாப்பாட்டுக்கும் போய்த் திரும்பும் மட்டும் அந்தப் பக்கம் காகம்கூட எட்டிப் பாராது.

ஆனாலும் தங்கரத்தினம் முதலாளியின் பால்மா ஸ்டோரில் இதுவரை ஒரு பெட்டி களவு போனதில்லை. காரணம் அங்கே நின்ற, பெட்டி தூக்கும் போர்க்லிஃப்ட் மெஷின். அதன் ஈயப் பற்றரி காலையில் ஓடிக் களைத்துவிடும். மத்தியானம் சார்ஜில் போட்டால் இரவுதான் எழும்பும். பெட்டிகளோ பலகைத் தட்டுகளில் மலை மலையாக நிற்கின்றன. மெஷின் இல்லாமல் அசைக்க ஏலாது.

"சார்ஜில நிக்கிற மெஷின்தான் என்ட காவல்" என்பார் முதலாளி பெருமையாக.

அந்தப் பெருமையைக் கேட்டாலே ஸ்டோர்கீப்பர் பஹ்மியாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். போன மாதம் பற்றரிக்குத் தண்ணீர் விடும்போது டிரைவர் கோகுலனின் கண்ணில் அசிட் தெறித்தது. கண் தப்பியது பெரிய காரியம்.

"அதுதான் தப்பிட்டுதே, பிறகென்ன?" என்றார் முதலாளி.

கோகுலன் கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்கு வந்ததைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு நெஞ்சு கொதித்தது. இன்னொரு தரம் தெறித்தால் அவன் கதி என்ன? அன்றிலிருந்து ஓயாமல் நச்சரித்தாள்.

"லித்தியம் பற்றரி போடுங்க முதலாளி. தண்ணி விடத் தேவையில்ல, அசிட் மணமில்ல. பிளேன்ரீ குடிக்கிற நேரம் சார்ஜ் போட்டாலே திரும்ப ஓடும்."

"உன்ட கதை நல்லாத்தான் இருக்கு பிள்ளை. என்ட பொக்கற்றுக்குத்தான் அது விளங்குதில்லை."

இப்படி மசியாத மனிதர் இந்தத் திங்கட்கிழமை திடீரென்று மசிந்தார். அதுவும் ஒரு கிழமை ஓடிப் பார்க்க மட்டும்தான். சனிக்கிழமை பற்றரிக் கம்பனிக்காரர் வந்து கழற்றிக்கொண்டு போகலாம், எங்களுக்கு ஈயமே போதும் என்று முன்கூட்டியே சொல்லியும் விட்டார்.

பஹ்மியா கோகுலனைத் தனியே கூப்பிட்டாள்.

"வெள்ளிக்கிழமை ஜும்மா முடியிறதுக்குள்ள ஸ்டோருல ஒரு பெட்டி இருக்கப்படாது. ஏலுமா?"

கோகுலன் கண்ணாடியைக் கழற்றிச் சிவந்த கண்ணைத் துடைத்தான். "பழைய பற்றரியெண்டால் ஏலாது மிஸ். இதெண்டால் ஓம்."

"ஒருத்தரிட்டயும் மூச்சு விடாதீங்க. முதலாளிக்கு நல்ல பாடமா இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை முதலாளியே அவர்களுடைய வேலையை லேசாக்கினார். ஒருநாளும் இல்லாத திருநாளாகப் பெடியன்களைத் தன் வான் வண்டியிலேயே பள்ளிவாசலுக்கு ஏற்றினார். காவலுக்கு நிற்கிற வொச்சர் ஜமால்தீனையும் விடவில்லை. "நீரும் வாரும் ஐசே, இங்க என்ன பறிபோகப் போகுது?" கோகுலனுக்கு அரைநாள் லீவு கொடுத்து, கண்ணை ஆறவிடச் சொன்னார். பஹ்மியாவையும் நேரத்தோடு வீட்டுக்குப் போகச் சொன்னார். தான் சலூனுக்குத் தலைமயிர் வெட்டப் போவதாகக் கண்டவர்களுக்கெல்லாம் அறிவித்துவிட்டுப் புறப்பட்டார். வாசல் கேற்றைப் பூட்டக்கூட மறந்துபோனார்.

பாவம் மனிதர்! தன்ட ஸ்டோரைத் தானே திறந்துவைத்துவிட்டுப் போகிறாரே என்று பஹ்மியாவுக்குச் சிரிப்பு வந்தது.

வான் மறைந்ததும் இரண்டு பேரும் பின்பக்கத்தால் திரும்பி வந்தார்கள். மெஷின் பூனை மாதிரிச் சத்தமில்லாமல் ஓடியது. கோகுலன் தூக்கினான், திருப்பினான், இறக்கினான். பாதி வேலையில் சார்ஜ் சிவப்புக் காட்டியது. வயரைக் கொழுவிவிட்டு ஆளுக்கொரு பிளேன்ரீ குடித்தார்கள். கோப்பை காலியானதும் மெஷின் மறுபடி புறப்பட்டது.

ஜும்மா முடியுமுன் ஸ்டோர் துடைத்துவிட்டது போலக் கிடந்தது. வெளியே லொறிச் சத்தம் ஒன்று வந்தது, போனது.

புதிதாக வெட்டிய தலையோடும் பெடியன்களோடும் முதலாளி திரும்பி வந்தார். உள்ளே ஒரு பார்வைதான். இரண்டு கையையும் தலையில் வைத்தார்.

"ஐயோ, நான் அழிஞ்சு போனேனே!"

அழுதபடியே பொலிசுக்குப் போன் அடித்தார். அதே மூச்சில் நட்டஈடு கேட்டுக் காப்புறுதிக் கம்பனிக்கும் அடித்தார். மோட்டார் சைக்கிளில் வந்திறங்கிய சார்ஜன்டின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் கோகுலன்தான் ஐயா! கண்ணில அசிட் பட்ட கோவம். அவனைப் பிடிச்சு உள்ளே போடுங்கோ!"

அப்போது பக்கத்து வெற்றுக் கொட்டிலின் கதவு திறந்தது. பஹ்மியாவும் கோகுலனும் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் கூரை வரைக்கும் பால்மாப் பெட்டிகள்.

"ஒண்டும் களவு போகல்ல முதலாளி. ஒரு ஜும்மா நேரத்துக்குள்ள முழு ஸ்டோரையும் இடம் மாத்திக் காட்டியிருக்கம். இனியும் இந்தப் பற்றரியத் திருப்பி அனுப்புவீங்களா?"

பெடியன்கள் கைதட்டினார்கள். சார்ஜன்டுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதிசயம் பார்க்கக் கொட்டிலுக்குள் நுழைந்தார். முதலாளியின் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

"சந்தோசத்தில வாயடைச்சுப் போச்சு" என்றார் ஜமால்தீன்.

"சொல்லுங்க முதலாளி, வைக்கிறதா?"

"ஓ... ஓம் பிள்ளை. வைப்பம்."

கோகுலன் கறுப்புக் கண்ணாடிக்குள்ளால் சிரித்தான். இனி அசிட்டுக்குப் பயமில்லை.

அந்த நேரம் பார்த்து வெறும் லொறி ஒன்று கேற்றடியில் வந்து நின்றது. சாரதி இறங்கி வியர்வையைத் துடைத்தபடி நேரே முதலாளியிடம் வந்தான். கொட்டிலுக்குள் நின்ற சார்ஜன்டை அவன் காணவில்லை. காதோடு காதாகத்தான் சொல்ல நினைத்தான். ஆனால் அவனுக்கு வாய்த்தது லொறிக்காரன் தொண்டை.

"எங்களில பிழை இல்லை முதலாளி, நீங்கள் சொன்ன நேரத்துக்குத்தான் வந்தனாங்கள். எங்களுக்கு முதலே ஆரோ களவெடுத்துப் போட்டாங்கள்!"