கண் எட்டும் தூரம்

அவள் மறுபடியும் எழுந்துவிட்டாள்.

கணினித் திரையில் பாதி போட்ட கட்டம் அப்படியே நின்றது. ஏதோ குளிர்நாட்டுத் தெரு. சாலையைக் கடக்கும் ஒரு பெரியவரைச் சுற்றி மூன்று கோடுகள் விழுந்திருந்தன. நான்காவது விழவில்லை.

ரெஜினா ஜன்னலுக்குப் போய்விட்டாள்.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேலாளர் சந்திரகுமார் சுகந்தியைப் பார்த்தார். குழுவுக்குப் பொறுப்பு சுகந்திதான். போய்ச் சொல் என்று அந்தப் பார்வைக்குப் பொருள்.

படங்களில் ஆளையும் வண்டியையும் கட்டம் போட்டுக் காட்டுவதுதான் அங்கே எல்லோருக்கும் வேலை. தானாக ஓடும் கார்கள் அதை வைத்துத்தான் மனிதரை அடையாளம் கண்டுகொள்ளுமாம். காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுவார்கள். ரெஜினா மட்டும் நடுநடுவே எழுவாள். அதனால் அவள் முடித்த படங்கள் எப்போதும் கொஞ்சம் குறைவு. போன வாரம் எல்லோர் முன்னாலும் மேலாளர் கேட்டபோது தலையைக் குனியாமல் சொன்னாள்.

“வேலையும் வேணும் சார். கண்ணும் வேணும்.”

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தாள்.

வீட்டுக்குப் போன பிறகும் சுகந்திக்கு அந்தக் குரல் காதிலேயே இருந்தது. அவளுக்கு அப்படிச் சொல்ல வந்ததில்லை. சொட்டு மருந்து வாங்கினாள். திரையில் எழுத்தைப் பெரிதாக்கினாள். மாலையில் கண்ணுக்குள் மணல் அரைபடும்போது, எல்லோருக்கும் இப்படித்தானே என்று இருந்துவிட்டாள்.

இப்போது எழுந்து போனாள். சொல்ல வேண்டியது வாயில் தயாராக இருந்தது.

ரெஜினா திரும்பவில்லை. கண்களை மெல்ல மூடினாள். திறந்தாள். அவசரமே இல்லை. வேலை போனாலும் போகும் என்று தெரிந்தவள் நிற்கிற மாதிரியே இல்லை.

“அக்கா, மருதமலைல பஸ் ஏறுது பாருங்க.”

சுகந்தி பார்த்தாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பச்சையாக ஒரு கலங்கல்.

நின்றாள்.

கலங்கல் தெளிந்தது. மரங்கள் தனித்தனியாயின. வளைவில் வெள்ளையாய் ஒன்று நகர்ந்தது.

கண்ணில் நீர் நிறைந்தது. எரியவில்லை.

“ஏதாவது சொல்ல வந்தீங்களாக்கா?”

“ஒண்ணுமில்ல. நீ பாரு.”

கண்ணாடி அறைக்கதவைத் திறந்தாள்.

“சொல்லிட்டீங்களா?” என்றார் சந்திரகுமார்.

“இல்லீங்க சார். அவ சரியாத்தான் செய்யறா. இனிமே எல்லாரும் நடுவுல எந்திரிச்சுப் போகட்டும். வேலை கொறஞ்சா என்னையக் கேளுங்க.”

சொல்லியே விட்டாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இமையோரம் சிவந்து கிடந்தது. கசக்கப் போன கை பாதியிலேயே நின்றது.

“அங்க அப்படி என்னதான் தெரியுது?”