சூடு பட்ட பச்சை

"ஏங்க, என்னமோ கருகுது! என் சட்டியில சோயா டெம்பே நல்லாத்தான் பொரியுது. உங்க பக்கம் பாருங்க!"

என் மனைவி யாத்மி உள்ளேயிருந்து கத்திய பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. தெருவில் போன மோட்டார் சைக்கிளின் பின்னால் எத்தனை வாத்துகள் தொங்குகின்றன என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பதினான்கு. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினேன். இபு கினாசியின் கிளிப்பச்சை லேஸ் கெபாயாச் சட்டையின் முதுகில், பெட்டி தன் உருவத்தை அச்சு அசலாகப் பதித்துவிட்டிருந்தது.

ஜாவாவின் சோலோ நகரில் பதினோரு வருஷமாக இஸ்திரிக் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் ரொட்டி சுட்டேன். அங்கேயும் இதே கைராசிதான்.

வேறு யாருடையது என்றாலும் சமாளித்திருப்பேன். இது கினாசியுடையது. இபு என்றால் அம்மா; மரியாதைக்குரிய பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம். காலையில் கீரை வாங்க வந்தால்கூட அந்தக் கொண்டையில் ஒரு முடி கலைந்திருக்காது. சாதாரணப் பருத்திக் கெபாயாதான். ஆனால் அவர் குடையைச் சாய்த்துப் பிடித்துப் போகும்போது தெருவே கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும். நானும் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொள்வேன். யாத்மி அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. எப்படியோ மனுஷன் ஒழுங்காக உடுத்தினால் சரி என்பாள்.

மறுநாள் தெருத் தலைவர் வீட்டுக் கல்யாணம். தலைவரின் மனைவி இபு தனார், வாசலில் நின்று வரவேற்க, கினாசி உட்படப் பன்னிரண்டு பெண்களுக்கும் ஒரே கிளிப்பச்சைத் துணி எடுத்துக் கொடுத்திருந்தார். அப்படிக் கொடுத்ததை உடுத்தாமல் போனால், எங்கள் ஊரில் அது கல்யாண வீட்டை அவமதித்த மாதிரி. என்னால் கினாசிக்கு நாளைக்குத் தலைகுனிவு.

சாயங்காலம் கினாசி வந்தார். கெபாயாவை இரண்டு கையாலும் நீட்டினேன்.

"இபு, முதுகுல சுருக்கம் போகலன்னு மூணாவது தடவையா குடுத்தீங்களா... நல்லா சூடு வைக்கச் சொன்னீங்களா... கொஞ்சம் அதிகமாயிடுச்சு."

அவர் துணியைப் பிரித்து அந்தக் கருகலை நிதானமாகப் பார்த்தார்.

"பரவாயில்ல, பாக் கீமான்" என்றார். ஐயா என்கிற அந்த 'பாக்' குறையவில்லை.

சோலோப் பெண்கள் 'பரவாயில்லை' என்றால் பயப்பட வேண்டும். தட்டு உடைந்தாலும் அதைத்தான் சொல்வார்கள், புருஷன் ஓடிப்போனாலும் அதைத்தான் சொல்வார்கள். குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்தக் குரல் பஞ்சு மாதிரி இருந்தது. அதில் எதுவும் பிடிபடவில்லை.

"நாலு வார்த்தை திட்டிடுங்க, இபு."

"எதுக்கு?"

"கோவமா இருக்கீங்களா, இல்லையா? நேரா சொல்லிடுங்க."

"இன்னிக்குப் புழுக்கம் ஜாஸ்தி, இல்ல?" என்றார் அவர். கருகிய கெபாயாவைச் சீதனப் பட்டுப்போல மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

"பாவம், நாளைக்கு அவங்க கல்யாணத்துக்கே வரமாட்டாங்க" என்றேன்.

"அவங்க வருவாங்க. நீங்க போகாம இருக்கிறதுதான் உத்தமம்" என்றாள் யாத்மி.

போனேன். கடைசி வரிசையில் தூண் மறைவில் உட்கார்ந்து, சூப் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். வாசலில் பதினோரு பெண்கள் பச்சையில் நின்றார்கள். பழுக்க மறுத்த பப்பாளிகள் வரிசை கட்டிய மாதிரி இருந்தது. அது துணியின் குற்றம், பெண்களுடையது அல்ல.

அப்போது கினாசி வந்தார்.

வெளுத்த ரோஜா நிறத்தில் ஒரு பழைய கெபாயா. கீழே சுற்றிக் கட்டிய பழுப்புப் பாத்திக் துணி. அதன் முன்மடிப்புகள் ஒவ்வோர் அடிக்கும் விசிறிபோல விரிந்து மூடின. கொண்டையில் ஒரே ஒரு மல்லிகைச் சரம். நகை என்று சொல்லப் பொட்டுத் தங்கம் கிடையாது. கமெலான் வெண்கல வாத்தியம் வாசித்தவர் ஒரு தாளத்தைத் தவறவிட்டார், நான் பார்த்தேன். என் கிண்ணமும் சாய்ந்துவிட்டது.

இபு தனார் விரைந்து வந்தார். "உங்க பச்சை எங்க?"

கினாசி தலையைத் தாழ்த்தினார். "மன்னிக்கணும், இபு. ஆசையா தச்சு வச்சிருந்தேன். இஸ்திரியில கருகிடுச்சு. பாக் கீமான் கடையில."

மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது. தூண் போதவில்லை.

"அவர்கிட்டயா குடுத்தீங்க?" என்றார் இபு தனார். துக்கம் விசாரிக்கும் குரல். "சரி, உங்க தப்பு இல்ல. மத்தவங்க பத்திரமா வச்சுக்குங்கம்மா! அடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்டு விருந்துக்கும் இதே பச்சைதான்."

சற்று நேரத்தில் பச்சைக்காரி ஒருத்தி என் பக்கம் குனிந்து, "நாளைக்குக் கடை எத்தனை மணிக்குத் திறப்பீங்க?" என்றாள். கேலி என்று நினைத்துக்கொண்டேன். பின்னாலேயே இன்னொருத்தி வந்து அதையே கேட்டாள். கூட்டம் சேர்ந்து என்னை ஓட்டுகிறது என்று முடிவு செய்தேன்.

வெளியேறும் வழியில் கினாசியை மடக்கினேன்.

"இபு, ராத்திரி முழுக்கத் தூக்கமில்ல. பரவாயில்லன்னு மட்டும் சொல்லாதீங்க. நான் உங்க மானத்தை வாங்கிட்டேனா? நேரா ஒரு பதில் சொல்லுங்க."

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை. குடையை விரித்து, அதன் நிழலுக்குள் என்னையும் இழுத்துக்கொண்டார்.

"அந்தப் பச்சையை உடுத்தவும் மனசில்ல, வேண்டாம்னு சொல்லவும் வாயில்ல, பாக். இந்த ஊர்ல இஸ்திரிக் கடை ஆறு இருக்கு. நம்பிக் குடுத்தா கருக்கித் தர்ற கடை உங்களது ஒண்ணுதான்."