தோளில் மிஞ்சிய கை

கனடாவின் மொன்ட்ரியால்-நோர் பூங்காவின் கம்பிவேலியில் பதாகை படபடக்கிறது. மன்னாரிலிருந்து இலங்கை ஆமிக்குப் போய், பந்தடிக்கவென்றே சம்பளம் வாங்கிய முதல் ஆட்களில் ஒருவரான நீக்கிலாப்பிள்ளை, தன் பெயரில் தேவாலயப் பங்குச் சனம் நடத்தும் சுற்றுப்போட்டியைத் தொடக்கிவைக்க வந்தவர், பந்தை இறுக்கிப் பிடித்தபடி பதாகையையே முறைக்கிறார். அதில் இருப்பது அவருடைய இளவயதுப் படம். ஜேர்சியிலிருந்த ஆமிச் சின்னத்தின் மேல் நீலம் அப்பிக் கிடக்கிறது. பக்கத்தில் நின்றவனை வெட்டிவிட்டார்கள். அவன் போட்ட கையின் நாலு விரல் மட்டும் அவருடைய தோளில் மிஞ்சியிருக்கிறது.

"ஆர் வெட்டினது?"

"நான்தான் ஐயா," என்கிறான் போட்டியை நடத்தும் றெக்ஸ். "ஆமி உடுப்பு, பக்கத்திலை சிங்களவன். சனம் கதைக்கும். வெயில் ஏறுது, பந்தை உதைச்சு விடுங்கோ."

நீக்கிலாப்பிள்ளை பந்தை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் குந்துகிறார்.

"எங்கட கோல்கீப்பரடா அவன். எண்பத்திமூண்டு ஆடிக் கலவரத்திலை என்ரை வாசலிலை நிண்டு, எரிக்க வந்தவங்களை மறிச்ச கையடா அது. அவன்ரை முகத்தைக் கொண்டுவந்து ஒட்டு. அதுக்குப் பேந்துதான் உதைக்கிறன்."

விசிலை வாயில் வைத்தபடி நடுவர் நிற்கிறார். இரண்டு அணியும் வெயிலில் நிற்கின்றன. காற்று பதாகையைப் பிய்க்கப் பார்க்கிறது. அந்த நாலு விரலும் தோளை விடுவதாயில்லை.