நின்றால் சூடு

"கார் ஓடும்போது ஏசி ஜில்லுனு இருக்கு தம்பி. நிறுத்தினா அனலா அடிக்குது," என்றாள் சூச்சின்.

காவ்ஷியுங் துறைமுகத்தை ஒட்டிய பட்டறையில் மெக்கானிக் ரெய்ஹோங் எஞ்சினை ஓடவிட்டான். ஏசியில் சூடான காற்று வந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தான், குளிர்ந்தது. காலை எடுத்ததும் மறுபடி சூடு.

"கம்ப்ரசர் தேஞ்சுபோச்சுக்கா. எஞ்சின் வேகமா சுத்தினாத்தான் குளிரும். போன மாசமே உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேனே! 'நிறுத்தி வச்சு உள்ளே உக்காந்துராதீங்க, வெந்துருவீங்க'ன்னு கேலிகூடப் பண்ணேன்."

சூச்சினின் முகம் வெளுத்தது. "அவருக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். அப்புறம் மாத்திக்கலாம்னு சிரிச்சிட்டுப் போனாரு. இப்ப மாத்திடட்டுமா?"

"வேண்டாம். எதையும் தொடாதே." அவள் பின்சீட்டையே வெறித்தாள். "போன வாரம் மருந்துக்கடை வாசல்ல நின்னு, கைகால் விளங்காத எங்க அம்மாவையும் இறக்கட்டுமான்னு அவருக்குப் போன் பண்ணேன். 'எதுக்குச் சிரமம்? ஏசியைப் போட்டு விட்டுட்டுப் போ, நிம்மதியாத் தூங்கட்டும்'னாரு. கடையில கூட்டம். நான் திரும்பி வர்றதுக்குள்ள அம்மா போயிட்டாங்க. நான்தான் கொன்னுட்டேன்னு இன்னிக்கு வரைக்கும் அழுதுட்டிருந்தேன் தம்பி."

ரெய்ஹோங் கையைத் துடைத்துக்கொண்டு பட்டறைக் கதவை இழுத்துப் பூட்டினான்.

"வாங்கக்கா. போலீஸ் ஸ்டேஷன்ல நானே சொல்றேன்."